வெற்றியும் வரவும்: ஆங்கில உதைபந்தாட்டக் கழகங்களின் வரலாறு தரும் பாடம்

வரலாறு என்றவுடன் முடியுடை மன்னரும் அவர்தம் படையெடுப்புக்களுமே நம்மிற் பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மக்கள் கூடி உழைத்த இடங்களும் கூடி மகிழ்ந்த இடங்களும் வரலாற்றுக்கு உரியனவே. இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தொழிலாளர் சனிக்கிழமை தோறும் திரண்டு நின்ற உதைபந்தாட்ட மைதானங்கள் அத்தகையன. அம்மைதானங்களைப் பேணிய கழகங்கள் எவ்வாறு பொருளீட்டின, எவ்வாறு அதனை இழந்தன என ஆராய்வோர்க்கு ஒரு விளையாட்டின் வரலாற்றோடு மனித இயல்பின் ஒரு கூறும் சேர்ந்து புலப்படும்.

உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்குக் கடமைகள் இரண்டு. ஒன்று வெல்லுதல், மற்றொன்று நிலைத்தல். வெல்வதற்குச் சிறந்த ஆட்டக்காரர் வேண்டும். அவர்க்குப் பெருஞ் சம்பளம் வேண்டும். நிலைப்பதற்கோ வரவுக்குள் செலவை அடக்குதல் வேண்டும். வரவறிந்து செலவு செய்வது எல்லார்க்கும் பொதுவான அறிவுரைதானே, இதில் ஆராய என்ன உண்டு என மாணவர் வினவக்கூடும். இத்தொழிலுக்கே உரிய இரு தன்மைகள் அவ்வறிவுரையைப் பின்பற்றுவதை அரிதாக்குகின்றன.

முதலாவது, வணிகன் ஒருவன் எதிர்க்கடை மூடப்பட்டால் மகிழ்வான்; அக்கடையின் வாடிக்கையாளரும் அவனிடம் வருவர். கழகத்தின் நிலை அதுவன்று. எதிர்க்கழகம் இல்லையேல் ஆட்டமில்லை; ஆட்டமில்லையேல் வருமானமுமில்லை. தன் பகைவன் வாழ்ந்தாலன்றித் தான் வாழ முடியாத விந்தையான தொழில் இது. இரண்டாவது, உழவர் யாவரும் இரு மடங்கு முயன்றால் நாட்டில் நெல் பெருகும். கழகங்கள் யாவும் இரு மடங்கு செலவிட்டாலோ முதலிடம் முன்போல் ஒன்றுதான். கடைசி இடமும் ஒன்றுதான். பெருகியது செலவு மட்டுமே. அயலான் செலவிடும்போது தான் சிக்கனமாக இருக்கும் கழகம் தோற்கிறது; அவனோடு போட்டியிட்டுச் செலவிடும் கழகம் கடனாளியாகிறது. ஆகவே தனிக்கழகம் ஒன்றின் நல்லொழுக்கத்தால் மட்டும் இச்சிக்கல் தீராது. எல்லாரையும் பிணிக்கும் பொதுக் கட்டுப்பாடு வேண்டும். அக்கட்டுப்பாடு நீதியுடையதாயும் இருத்தல் வேண்டும். இவ்விரு உண்மைகளையும் ஆங்கில உதைபந்தாட்ட வரலாறு எவ்வாறு மெய்ப்பிக்கின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

தொழில்முறை ஆட்டத்தின் தோற்றம்

1863 இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் அதனை நடத்திய கனவான்கள், பொழுதுபோக்குக்காக ஆடுவதே பெருமை, பணத்துக்காக ஆடுவது இழிவு எனக் கருதினர். ஆனால் வடபகுதியிலுள்ள லங்காஷயரின் பஞ்சாலை நகரங்களில் நிலைமை வேறாயிருந்தது. சனிக்கிழமை அரைநாள் ஓய்வு பெற்ற தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மைதானங்களுக்கு வந்தனர். நுழைவுக் கட்டணம் குவிந்தது. ஊருக்கு ஊர் போட்டி முற்றவே, திறமைமிக்க ஆட்டக்காரர் ஸ்கொத்லாந்திலிருந்து, ஆலையில் வேலை என்ற பெயரில் வரவழைக்கப்பட்டனர். மறைவாக நடந்த இவ்வழக்கத்தைத் தடுக்க இயலாத சங்கம், 1885 இல் ஊதியம் பெறும் ஆட்டத்தைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

இம்மாற்றத்துக்குக் காரணராயிருந்தோருள் முதன்மையானவர் பிறெஸ்ரன் நோர்த் என்ட் கழகத்தின் வில்லியம் சடெல். பஞ்சாலை ஒன்றின் முகாமையாளராயிருந்த இவர், நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரைத் தம் ஊரில் ஒன்றுசேர்த்தார். 1888-89 ஆம் ஆண்டுப் பருவத்தில் அக்கழகம் லீக் ஆட்டங்கள் இருபத்திரண்டில் ஒன்றிலேனும் தோற்கவில்லை. அதே பருவத்தில் ஒரு கோல் தானும் எதிரிக்கு விடாது சங்கக் கிண்ணத்தையும் வென்றது. அடுத்த ஆண்டும் லீக்கில் முதலிடம் அதற்கே கிடைத்தது. ஆனால் 1895 இல் ஆலைப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காகச் சடெல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எடுத்த பணத்தை அவர் கழகத்துக்கே செலவிட்டிருந்தார். வெல்ல முடியாத குழு எனப் புகழப்பட்ட பிறெஸ்ரன் அதன்பின் இற்றைவரை லீக்கில் முதலிடம் பெற்றதில்லை. தொழில்முறை உதைபந்தாட்டத்தின் முதற் பெரும் வெற்றியே அதன் முதற் பெரும் நிதிக்கேடாகவும் முடிந்தமை கருதத்தக்கது.

லீக்கும் அதன் கட்டுப்பாடுகளும்

ஆட்டக்காரர்க்கு வாரந்தோறும் சம்பளம் கொடுத்தல் வேண்டும். ஆட்டங்களோ ஒழுங்காக நடைபெறவில்லை. கிண்ணப் போட்டிகள் குறுக்கிட்டால் முன்னர் ஒப்புக்கொண்ட ஆட்டங்கள் கைவிடப்பட்டன. செலவு நிச்சயம், வரவு நிச்சயமன்று என்ற இந்நிலையை மாற்ற முயன்றவர், பேர்மிங்ஹாமில் துணிக்கடை நடத்தியவரும் அஸ்ரன் வில்லாக் கழகத்தைச் சேர்ந்தவருமாகிய வில்லியம் மக்கிரெகர். அவர் முயற்சியால் 1888 இல் பன்னிரு கழகங்கள் கூடி லீக்கை அமைத்தன. ஒவ்வொரு கழகமும் ஏனைய ஒவ்வொன்றோடும் தன் ஊரில் ஒருமுறையும் பிறர் ஊரில் ஒருமுறையும் குறித்த நாளில் தவறாது ஆடும் என்பதே ஏற்பாடு. ஆகவே லீக் பிறந்தது புகழ் வேட்கையினால் மட்டுமன்று. ஒரு கடைக்காரரின் வரவுசெலவு அறிவினாலுமாகும்.

காலப்போக்கில் மூன்று முக்கிய கட்டுப்பாடுகள் வந்தன. முதலாவது சம்பள உச்சவரம்பு. 1901 இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, எவ்வளவு சிறந்த ஆட்டக்காரரும் வாரத்துக்கு 4 பவுணுக்கு மேற் பெறலாகாது. இரண்டாவது வாயில் வசூலைப் பகிர்தல். முதலாம் உலகப்போரின் பின்னர், வருகை தந்த கழகத்துக்கு வசூலில் நூற்றுக்கு 20 வீதம் கொடுக்கப்பட்டது. மூன்றாவது இலாபக் கட்டுப்பாடு. கழகங்கள் கம்பனிகளாகப் பதியப்பட்டிருந்தும், பங்குதாரர்க்குக் கொடுக்கக்கூடிய இலாபப்பங்கு முதலில் 5 வீதமாகவும் பின்னர் 7½ வீதமாகவும் மட்டுப்படுத்தப்பட்டது. பணிப்பாளர் சம்பளம் பெறுதலும் தடுக்கப்பட்டிருந்தது. கழகத்தை ஆள்வோர் அதனைத் தம் பணப்பெட்டியாக ஆக்கிக் கொள்ளலாகாது என்பதே இவ்விதியின் உட்கருத்து.

இவற்றின் பயனைப் பட்டியல்கள் காட்டுகின்றன. இரண்டாம் உலகப்போரின் பின் லீக் மீண்டும் தொடங்கிய முதற் பருவம் 1947 இல் முடிந்தது. அதிலிருந்து 1961 வரையான பதினைந்து பருவங்களில் எட்டுக் கழகங்கள் முதலிடம் பெற்றன. 1960 இல் முதலிடம் பெற்ற பேர்ண்லி சிறியதொரு பஞ்சாலை நகரம். இலண்டனும் மான்செஸ்ரரும் கொடுக்கக்கூடிய உச்சச் சம்பளத்தைப் பேர்ண்லியும் கொடுக்கக்கூடியதாயிருந்தமையால், இளைஞரைத் தேடிப் பயிற்றுவிக்கும் திறமையே அங்கு வெற்றியை நிர்ணயித்தது.

ஆனால் இவ்வொழுங்கின் சுமையைச் சுமந்தவர் யார்? மைதானம் நிறைந்து வழிந்த காலத்திலும் ஆட்டக்காரன் பெற்றது வரையறுத்த கூலியே. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் கழகம் விடுவித்தாலன்றி அவன் வேறிடம் செல்ல முடியாது. பிறெஸ்ரன் கழகத்தின் பெரும் வீரர் ரொம் ஃபினி, நீர்க்குழாய் பொருத்தும் தம் தொழிலையும் நடத்திக்கொண்டே நாட்டுக்காக ஆடினார். 1952 இல் இத்தாலியின் பலேர்மோக் கழகம் அவரைப் பெரும்பொருள் கொடுத்து அழைத்தது. பிறெஸ்ரன் விட மறுத்தது. அவரும் தம் ஊரிலேயே தங்கிவிட்டார். கழகங்களின் சமநிலை ஆட்டக்காரரின் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது என்பதை நாம் மறைத்தலாகாது. சிலரை மட்டும் கட்டிப்போட்டு எழுப்பிய ஒழுங்கு நெடுநாள் நிலைத்ததில்லை.

கட்டுக்கள் தளர்ந்த காலம்

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹில் தலைமையில் எழுந்த கிளர்ச்சியால், வாரத்துக்கு 20 பவுணாக உயர்ந்திருந்த உச்சவரம்பு 1961 சனவரியில் நீக்கப்பட்டது. உடனே புல்ஹாம் கழகத்தின் ஜோனி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுண் பெற்றார். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரைத் தடுத்து வைக்கும் முறை தொழில் உரிமைக்கு முறையற்ற தடை என 1963 இல் ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 இல் பொஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவர் கட்டணமின்றி வேறு கழகம் செல்லும் உரிமையை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் நிலைநாட்டியது. இவை யாவும் நீதியான மாற்றங்களே.

ஆனால் இவற்றோடு நீதி சாராத வேறு சில மாற்றங்களும் சேர்ந்து வந்தன. 1983 இல் வாயில் வசூலைப் பகிரும் வழக்கம் லீக் ஆட்டங்களிற் கைவிடப்பட்டது. பெரிய மைதானமுடைய கழகம் தன் வசூல் முழுவதையும் தானே வைத்துக்கொண்டது. அதே ஆண்டில் ரொற்றன்ஹாம் கழகம், தனக்கு மேல் ஒரு கம்பனியை அமைத்து இலாபக் கட்டுப்பாட்டைச் சுற்றிச்சென்று பங்குச் சந்தையிற் புகுந்தது. 1992 இல் முதற் பிரிவுக் கழகங்கள் இருபத்திரண்டும் பழைய லீக்கினின்றும் பிரிந்து பிரீமியர் லீக்கை அமைத்தன. தொலைக்காட்சியால் வரும் பெரும்பணத்தைக் கீழ்ப்பிரிவுகளோடு பகிராது வைத்துக்கொள்ளும் விருப்பமே அப்பிரிவினைக்கு முக்கிய காரணமாயிற்று.

விளைவு என்ன? அன்றுதொட்டு 2025 வரையான முப்பத்துமூன்று பருவங்களில் முதலிடம் பெற்ற கழகங்கள் ஏழே. முன்பு பதினைந்து பருவங்களுக்குள் எட்டுக் கழகங்கள் பெற்ற பேற்றை இப்பொழுது அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட காலத்தில் ஏழு கழகங்களே பெற்றிருக்கின்றன. 1960 இல் முதலிடத்திலிருந்த பேர்ண்லி, 1987 இல் நான்காம் பிரிவினின்றும் வீழ்ந்துவிடும் நிலையை எய்தி, பருவத்தின் இறுதி ஆட்டத்தை வென்று தப்பியது. முன்னர்ச் சம்பளத்தில் எல்லாரும் சமம். பின்னரோ, சம்பளத்துக்கு அதிகம் செலவிடும் கழகமே நீண்டகால நோக்கில் பட்டியலில் மேலே நிற்கும் என்பதைப் பொருளியலாளர் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். எனவே மேலே செல்ல விரும்பிய ஒவ்வொரு கழகத்தின் முன்னும் ஒரு சோதனை நின்றது: இல்லாத பணத்தைச் செலவிடலாமா?

மூன்று கழகங்களின் கதை

லீட்ஸ் யுனைற்றெட் கழகம் செலவிடலாம் எனத் துணிந்தது. ஐரோப்பியக் கிண்ணப் போட்டியாகிய சம்பியன்ஸ் லீக்கில் ஆண்டுதோறும் இடம்பெற்றால் பெரும்பணம் வரும் என்ற நம்பிக்கையில், விலையுயர்ந்த ஆட்டக்காரரை வாங்கிக் குவித்தது. வருங்காலத்து வாயில் வசூலை ஈடுவைத்து 60 மில்லியன் பவுண் கடன் பெற்றது. 2001 இல் அப்போட்டியின் அரையிறுதி வரையுஞ் சென்றது. ஆனால் அதே பருவத்தில், உள்நாட்டு லீக்கில் ஒரே ஒரு புள்ளியால் மூன்றாம் இடத்தை இழந்தது. அதனால் அடுத்த ஆண்டின் சம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் போயிற்று. வரவு நின்றது, சம்பளமும் வட்டியும் நிற்கவில்லை. 2002 இல் றியோ ஃபேர்டினண்டையும் தொடர்ந்து ஏனைய வீரரையும் விற்றது. 2004 இல் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. அவ்வாண்டே தன் எலண்ட் றோட் மைதானத்தையும் விற்றது. 2007 இல் மூன்றாம் பிரிவுக்கும் வீழ்ந்து, மீண்டும் பிரீமியர் லீக்கை எய்த 2020 வரை காத்திருந்தது. வரப்போகும் ஊதியத்தை நம்பிக் கைம்முதலை இழப்பது அறிவுடைமையன்று என நம் முன்னோர் கூறிய அறிவுரைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

போட்ஸ்மத் கழகம் 1949 இலும் 1950 இலும் லீக்கில் முதலிடம் பெற்றது. செல்வர் ஒருவரின் உரிமையின்கீழ்ப் புத்துயிர் பெற்று 2008 இற் சங்கக் கிண்ணத்தை வென்றது. ஆனால் அக்குழுவின் சம்பளம் கழகத்தின் வருவாய்க்கு முற்றும் பொருந்தாதது. உரிமையாளர் கைவிட, அடுத்தடுத்துப் புதியவர் வந்து போயினர். 2010 பெப்ருவரியில், கடனிறுக்க முடியாமையால் நிர்வாகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்ட முதலாவது பிரீமியர் லீக் கழகம் என்ற பெயரை அது பெற்றது. ஒன்பது புள்ளிகள் கழிக்கப்பட்டன, தரமும் இறங்கிற்று. பட்டியலிடப்பட்ட கடன்காரரின் பெயர்களுள், மைதானத்தில் முதலுதவிப் பணி செய்த சென்ற் ஜோன் அம்புலன்ஸ் நிறுவனமும் இருந்தது. உதைபந்தாட்டக் கழகங்களுக்கும் ஆட்டக்காரர்க்கும் உரிய கடன் முழுமையாகத் தீர்க்கப்படல் வேண்டும் என்பது லீக்கின் விதி. ஏனையோர்க்கோ சிறு பங்கே கிடைக்கும். கழகம் வெற்றிக்காகச் செய்த மிகைச்செலவை ஈற்றில் ஊரின் சிறு வணிகரும் தருமத் தொண்டரும் ஏற்க நேர்ந்தது.

ஆயினும் போட்ஸ்மத்தின் கதை அங்கு முடியவில்லை. நான்காம் பிரிவை நோக்கி வீழ்ந்துகொண்டிருந்த கழகத்தை 2013 இல் ஆதரவாளரே பணஞ் சேர்த்து வாங்கினர். பழைய கடன்கள் தீர்க்கப்பட்டன. 2017 இல் நான்காம் பிரிவிலும் 2024 இல் மூன்றாம் பிரிவிலும் கழகம் முதலிடம் பெற்றது. 2017 இல் அமெரிக்கச் செல்வர் ஒருவருக்கு உரிமையை மாற்றியபோதும், பங்குதாரராகிய ஆதரவாளர் வாக்களித்தே அம்முடிவுக்கு வந்தனர்.

மூன்றாவது பெரிக் கழகத்தின் கதை; இதுவே மிகத் துயரமானது. மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள பஞ்சாலை நகரமாகிய பெரியில் 1885 இல் நிறுவப்பட்ட இக்கழகம், 1903 இற் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் டேர்பி கவுண்ரியை ஆறுக்குப் பூச்சியமாக வென்றது. இறுதியாட்டம் ஒன்றில் அத்தகைய பெருவெற்றியை நூற்றுப் பதினாறு ஆண்டுகளாக எவரும் எட்டவில்லை. 2019 மே மாதத்தில் மான்செஸ்ரர் சிற்றி அதனைச் சமன் செய்தது. அபுதாபி அரச குடும்பத்தவர் ஒருவரின் செல்வத்தால் உயர்ந்த கழகம் அது. அதே வசந்தத்தில் பெரிக் கழகமும் நான்காம் பிரிவினின்றும் மூன்றாம் பிரிவுக்கு உயர்ந்தது. ஆனால் அவ்வெற்றியை ஈட்டிய ஆட்டக்காரர்க்குச் சம்பளம் கொடுபடவில்லை. கழகத்தின் கிக் லேன் மைதானமும் ஏற்கெனவே ஈட்டிற் கிடந்தது. கடன்களைத் தீர்க்கும் வழியைக் காட்ட முடியாமற் போகவே, 2019 ஆகஸ்ட் 27 இல் பெரி லீக்கினின்றும் வெளியேற்றப்பட்டது. தரமுயர்வு பெற்ற கழகம், உயர்ந்த பிரிவில் ஓர் ஆட்டமும் ஆடுமுன் லீக்கை இழந்தது. வெற்றியும் நிலைபேறும் வெவ்வேறானவை என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு உண்டோ? ஆதரவாளரின் பெருமுயற்சியால் 2023 இல் அம்மைதானத்தில் மீண்டும் பந்து உருண்டது. எனினும் பல படிகள் கீழிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று.

ஜேர்மனியின் வழி

இங்கிலாந்துக்கு மாறான ஒரு வழியை ஜேர்மனியிற் காண்கிறோம். அங்கு தேசிய லீக் 1963 இல் தொடங்கிய காலந்தொட்டே, ஒவ்வொரு கழகமும் தன் வரவுசெலவுத் திட்டத்தைக் காட்டி ஆண்டுதோறும் அனுமதி பெறல் வேண்டும். கழகங்கள் கம்பனிகளாக மாற 1998 இல் இடமளிக்கப்பட்டபோதும், வாக்குரிமையிற் பெரும்பான்மை அங்கத்தவரின் சங்கத்திடமே இருத்தல் வேண்டும் என்ற விதியும் உடன் வகுக்கப்பட்டது. லெவர்குசன், வொல்ஸ்பேர்க் போன்ற சிலவற்றுக்கே விலக்களிக்கப்பட்டது.

விதியிருந்தும் வீழ்ச்சியின் விளிம்பு வரை சென்றது டோட்முண்ட் கழகம். 2000 இற் பங்குச் சந்தையிற் புகுந்து, 2002 இல் முதலிடம் பெற்று, கடன் மலையிற் சிக்கியது. சம்பளம் கொடுக்கவும் இயலாதிருந்த ஒரு வேளையில் 2 மில்லியன் யூரோ கடன் கொடுத்தது அதன் பெரும் போட்டிக் கழகமாகிய பயேர்ண் மூனிக்! 2005 மார்ச்சில், மைதானத்தின் உரிமையிற் பணமிட்டோர் மீட்புத் திட்டத்துக்கு இணங்கியமையாற் கழகம் பிழைத்தது. அதன்பின் இளைஞரைப் பயிற்றி ஆடவைத்து, 2011 இலும் 2012 இலும் முதலிடம் பெற்றது. ஈராண்டும் பயேர்ண் முதலிடத்தை இழந்தது. எதிரி வாழ்ந்தாலே தான் வாழலாம் என நாம் முன்னர்க் கூறியதற்கு இது நற்சான்று. ஆயினும் ஜேர்மனியின் முறையும் குறையற்றதன்று. 2013 முதல் 2023 வரை பதினொரு பருவங்களிலும் பயேர்ண் ஒன்றே முதலிடம் பெற்றது. கழகங்களைக் காக்கும் விதி போட்டியின் சமநிலையையும் காத்துவிடும் எனக் கொள்ளுதல் தவறு.

புதிய கட்டுப்பாடுகள்

கட்டுக்களை அவிழ்த்த காலம் கடந்து, இன்று மீண்டும் கட்டும் காலம் வந்திருக்கின்றது. கழகங்கள் வருவாய்க்குள் வாழ்தல் வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் 2011 முதல் நடைமுறைப்படுத்தியது. 2022 இல் அதனைத் திருத்தி, ஆட்டக்காரர்க்கான செலவு வருவாயில் 70 வீதத்துக்கு மேற்படலாகாது என்ற எல்லைக்குப் படிப்படியாகக் கழகங்களைக் கொணரத் தொடங்கியது. இங்கிலாந்தில் மூன்றாண்டு நட்டத்தின் எல்லையை மீறியமைக்காக, 2023-24 ஆம் பருவத்தில் எவேர்ட்டன், நொட்டிங்ஹாம் ஃபொறெஸ்ற் ஆகிய கழகங்களின் புள்ளிகள் கழிக்கப்பட்டன. 2025 யூலையிற் சட்டமாகிய உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம், கழகங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கவும் அவற்றின் நிதிநிலையையும் உரிமையாளரின் தகுதியையும் ஆராயவும் சுதந்திரமான ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. பெரிக் கழகத்தின் வீழ்ச்சி அச்சட்டத்துக்கு வழிகோலிய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

இவ்விதிகளுக்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. வருவாய்க்கு ஏற்பச் செலவிடுக என்றால், பெருவருவாயுடையோன் என்றும் பெரியோனாகவே இருப்பான். சிறியோன் என்றும் சிறியோனே. உருக்குத் தொழிலதிபர் ஜாக் வோக்கரின் பணத்தால் 1995 இல் முதலிடம் பெற்ற பிளாக்பேர்ண் போன்ற சிறு நகர்க் கழகம் இவ்விதியின்கீழ் எழுந்திருக்க முடியாது. இம்மறுப்பில் உண்மையுண்டு. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டுவதுதான். ஆனால் விரல்களின் பருமனை ஆக்கியதே பொதுப் பணத்தைப் பகிராத முறையன்றோ? செலவைக் கட்டுப்படுத்தும் விதியோடு வரவைப் பகிரும் விதியும் சேர்ந்தாலன்றி நீதி பிறவாது. 1901 இன் முறை பகிர்வை அறிந்திருந்தது, ஆட்டக்காரரின் உரிமையை அறியவில்லை. 1992 இன் முறை உரிமையை அறிந்திருந்தது, கீழுள்ளாரோடு பகிர்தலை மறந்தது. இரண்டையும் ஒருங்கே அறிந்த முறையை அந்நாடு இனித்தான் காணவேண்டும்.

முடிவாக, கழகம் எவருடையது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. சட்டத்தின்படி அது பங்குதாரருடையது. ஆனால் தந்தையின் கைபற்றி மைதானத்துக்குச் சென்ற சிறுவன், பின்னர்த் தன் மகனையும் அழைத்துச் செல்லும் இடத்தை விலைச்சீட்டு ஒன்றினால் அளத்தல் இயலாது. கோயிலைப் பரிபாலிக்கும் தர்மகர்த்தா அதன் சொத்துக்கு உடையவனல்லன். முன்னோரிடம் பெற்றதைக் குறையாமற் பின்னோர்க்கு ஒப்படைப்பதே அவன் கடன். கழகத் தலைவரின் கடனும் அதுவே. திருவிழாவைச் சிறப்பிக்கக் கோயில் நிலத்தை ஈடுவைக்கும் தர்மகர்த்தாவை ஊர் போற்றாது. ஒரு கிண்ணத்துக்காக மைதானத்தை ஈடுவைத்த தலைவரையோ, கிண்ணம் கையிலிருக்குமளவும் ஊர் தோளில் தூக்கிக் கொண்டாடிற்று. வெற்றியை விரும்பிய ஆதரவாளரும் அம்மிகைச்செலவுக்கு உடந்தையாயினர் என்பதையும் வரலாற்று மாணவர் குறித்துக்கொள்ளல் வேண்டும். கணக்கேட்டை யாரும் கேட்டுப் பார்க்காத காலமே வீழ்ச்சியின் தொடக்கம் என்பதை லீட்ஸும் போட்ஸ்மத்தும் பெரியும் நமக்கு உணர்த்துகின்றன.